அருங்காட்சியகக் கடைகளில் ஆன்லைனில் பரிசு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கினால் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "அந்த நீல நீர்யானை எங்கே கிடைத்தது?" "பார்சலுக்கு எதற்கு வரி கேட்கிறார்கள்?" "பிரிண்ட் என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் அசலா?" சில வருடங்களாக நான் பரிசு வாங்குவதெல்லாம் அருங்காட்சியகங்களின் இணையக் கடைகளில்தான். நன்றாக அமைந்ததும் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

மற்ற கடைகள் இருக்கும்போது இங்கே ஏன் வாங்க வேண்டும்?

பொருளோடு ஒரு கதையும் சேர்ந்து வருவதால். அந்த நீல நீர்யானையையே எடுத்துக்கொள்ளுங்கள். அசல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொத்த நீளமே 20 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய 3,900 வருடங்களுக்கு முன் எகிப்தில் ஒரு கல்லறைக்குள் வைத்தது. உடம்பெல்லாம் தாமரை வரைந்திருக்கும்; அது வாழும் சதுப்பு நிலத்தையே அதன் தோலில் தீட்டிவிட்டார்கள். நீர்யானை பொல்லாத மிருகம், மறு உலகில் இறந்தவரைத் தாக்கிவிடக் கூடாது என்று அதன் கால்களை உடைத்துத்தான் உள்ளே வைத்தார்களாம். இன்று நாம் பார்க்கும் நான்கு கால்களில் மூன்று பிற்காலத்தில் செய்து ஒட்டியவை. 'வில்லியம்' என்ற செல்லப்பெயர் 1931இல் பிரிட்டிஷ் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையால் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவையும் நாலு வரியில் ஒரு அட்டையில் எழுதி, பொம்மையோடு வைத்துக் கொடுத்துப் பாருங்கள். வாங்கியவர் அன்று மாலையே அதை வேறு யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். சாதாரண நீல நீர்யானை பொம்மைக்கு இந்த மரியாதை கிடைக்காது. அதனால் என் பழக்கம் இதுதான்: கதை தெரியாத பொருளை வாங்குவதில்லை. பொருளின் பக்கத்திலேயே அசலின் பெயர், காலம், அது எந்த அரங்கில் இருக்கிறது என்பதைக் கடைக்காரர்கள் போட்டிருந்தால், அவர்களுக்கும் அதில் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம்.

கொடுக்கும் பணம் நிஜமாகவே அருங்காட்சியகத்துக்குப் போகிறதா?

இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டிஷ் மியூசியத்தின் கடையை நடத்துவது அந்த அருங்காட்சியகத்துக்கே சொந்தமான ஒரு நிறுவனம். பிரான்ஸில் பல தேசிய அருங்காட்சியகங்களின் கடைகளை ஒரு பொது அமைப்பு சேர்த்து நடத்துகிறது. வேறு சில இடங்களில் கடை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அருங்காட்சியகத்துக்கு ஒரு பங்குதான் சேரும். இதே மாதிரிப் பொருட்கள் பெரிய ஷாப்பிங் தளங்களிலும் அருங்காட்சியகத்தின் பெயரோடு விற்கும். அவை உரிமம் பெற்ற சரக்காக இருந்தால் விலையில் சிறு துண்டு மட்டும் உரிமத்தொகையாகப் போகும். அருங்காட்சியகத்துக்கு உதவ வேண்டும் என்பதும் உங்கள் நோக்கமென்றால் அவர்கள் கடையிலேயே நேரடியாக வாங்குங்கள். இல்லையென்றால் அதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

'நகல்', 'தழுவல்', 'ஈர்க்கப்பட்டது' என்று விதவிதமாகப் போடுகிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

நகல் என்றால் அசலின் வடிவத்தை அப்படியே எடுத்தது. அச்சு எடுத்தோ ஸ்கேன் செய்தோ வார்த்திருப்பார்கள். அளவைச் சுருக்கியிருக்கலாம், பொருள் வேறாகவும் இருக்கலாம். லூயிஸ் சதுரங்கக் காய்கள் இதற்கு நல்ல உதாரணம். 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்தவை. 12ஆம் நூற்றாண்டு வேலை. பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. 82 உருப்படிகள் பிரிட்டிஷ் மியூசியத்தில், 11 எடின்பரோவில். கடைகளில் கிடைப்பது ரெசினில், அதாவது பிளாஸ்டிக் மாதிரி இறுகும் பிசினில், வார்த்த நகல். கன்னத்தில் கைவைத்து ஏதோ கப்பல் கவிழ்ந்தாற்போல் உட்கார்ந்திருக்கும் ராணியும், கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கடிக்கும் காவல் வீரனும் ரெசினிலும் அதே முகபாவத்தோடுதான் வருகிறார்கள். தந்தம் இல்லை என்பது நல்லதுதான், சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாது.

தழுவல் என்றால் ஒரு ஓவியத்தின் மூலையிலிருந்தோ பழைய துணியின் டிசைனிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துப் பையிலும் குடையிலும் போடுவது. இதில் பெரும்பாலும் குறை சொல்ல ஒன்றுமிருக்காது.

'ஈர்க்கப்பட்டது' என்பது ரப்பர் மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும் சொல். ஓவியத்தில் மஞ்சள் இருந்தது, மெழுகுவர்த்தியும் மஞ்சள், அவ்வளவுதான் சம்பந்தம் என்கிற அளவுக்கும் போகும். பிடித்திருந்தால் வாங்கலாம், கதை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. வெளியார் தயாரித்த விளக்கு, பேனா, கடிகாரம் போன்றவற்றைக் கடை தேர்ந்தெடுத்து விற்கும். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் நடத்தும் டிசைன் கடை இந்த வகைக்குப் பேர்போனது. இதே பொருள் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலும் கிடைக்கும், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகல் செய்வதையே தனிக் கலையாக வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் பிளாஸ்டர் வார்ப்புப் பட்டறை 1819இலிருந்து இயங்குகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 1797இல் தொடங்கிய செதுக்குத்தகட்டுத் தொகுப்பு ஒன்று உண்டு. 13,000க்கும் மேற்பட்ட செப்புத்தகடுகள். அவற்றில் பலவற்றிலிருந்து இன்றும் கையால் மை பூசி, துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்திப் பிரதி எடுத்துத் தருகிறார்கள். அப்படி வந்த தாளின் விளிம்பருகே விரலை ஓட்டினால் தகடு அழுந்திய பள்ளம் தட்டுப்படும். சாதாரண போஸ்டரில் அது இருக்காது. கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓவியப் பிரிண்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அளவு, தாள், மை. அதே வரிசையில்.

திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவில்தான் தெரியும். வெர்மீரின் 'முத்துக் காதணிப் பெண்' அசலில் 44.5 × 39 சென்டிமீட்டர்தான். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை (மரக்கட்டையில் செதுக்கிப் பல பிரதிகள் அச்சிட்ட படம்) அதைவிடச் சின்னது, ஏறக்குறைய 25 × 37. இவற்றை அசல் அளவிலேயே வாங்கி மேஜையருகே மாட்டினால் அழகாக இருக்கும். ஒரு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் அலைக்கு வந்த வேகம் போய்விடுகிறது என்பது என் எண்ணம். கிளிம்ட்டின் 'முத்தம்' நேர் எதிர்: அசல் 180 × 180 சென்டிமீட்டர், அதில் நிஜமான தங்கத்தகடு ஒட்டியிருக்கிறது. எந்த அச்சிலும் அந்தத் தங்கம் பழுப்பு மஞ்சளாகத்தான் விழும். அதை வாங்கியவர்கள் 'மங்கலாக இருக்கிறது' என்று குறைப்பட்டால் அது கடையின் தவறில்லை.

தாள் அமிலமற்றதா, மை நிறமி வகையா என்று விவரத்தில் இருக்கும். இரண்டும் ஆம் என்றால் வருடக்கணக்கில் மங்காது. சாதாரண போஸ்டர் தாள் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதற்கேற்ற விலைதான் அதற்கும்.

அப்புறம் ஃப்ரேம். நான் ஒருமுறை 61 × 81 அளவில் ஒரு போஸ்டரை ஆசையாக வாங்கினேன். அந்த அளவுக்கு ரெடிமேட் ஃப்ரேம் எங்கேயும் இல்லை. ஆர்டர் கொடுத்துச் செய்ததில் சட்டத்தின் விலை படத்தைப்போல மூன்று மடங்கு ஆனது. பரிசாகக் கொடுத்திருந்தால் அந்தச் செலவை வாங்கியவர் தலையில் கட்டியிருப்பேன். கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஃப்ரேம் அளவு எது என்று பார்த்துவிட்டு அந்த அளவில் பிரிண்ட் தேடுவதுதான் புத்திசாலித்தனம். குழாயில் சுருட்டி வரும் தாளை உடனே ஃப்ரேமில் திணிக்காமல், இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

இந்தப் படங்களெல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றனவே?

கிடைக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இலேயே தன் படங்களைத் தெளிவான பெரிய கோப்புகளாகத் திறந்துவிட்டது. மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களையும், அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகங்கள் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டன. நல்ல அச்சகம் பக்கத்தில் இருந்தால் நீங்களே அச்சிட்டுக்கொள்ளலாம், அது முழுக்கச் சட்டப்படி சரி.

பலருக்கும் தெரியாத படங்களைத் தேடுபவர்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கடையில் பத்து ஓவியங்களைத்தான் திரும்பத் திரும்ப விற்பார்கள். நண்பருக்குப் பூனை பிடிக்குமென்றால் ரைக்ஸ் தொகுப்பில் 'பூனை' என்று தேடி, யாருமே போஸ்டராகப் போடாத ஒரு சின்னப் பென்சில் கோட்டோவியத்தை எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். நிறத்தைச் சரிபார்க்கும் தலைவலி உங்களுடையது என்பது மட்டும்தான் இதில் சங்கடம்.

புத்தகங்களும் அப்படியே. அச்சில் இல்லாத பழைய கண்காட்சி நூல்கள் பலவற்றை மெட்ரோபாலிட்டனும் லாஸ் ஏஞ்சலிஸின் 'கெட்டி' அருங்காட்சியகமும் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கின்றன. மூன்று கிலோ எடையுள்ள கண்காட்சிப் புத்தகத்தைக் கடல் கடந்து அனுப்பச் சொல்வதற்கு முன் ஒருமுறை அங்கே தேடிவிடுங்கள்.

யாருக்கு என்ன வாங்குவது?

புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டுக்கு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், வான்கோவின் 'பாதாம் பூக்கள்'தான். அந்த ஓவியமே ஒரு பரிசு. 1890 ஜனவரி 31இல் தம்பி தியோவுக்கு மகன் பிறந்தான். பெரியப்பா பெயரையே வின்சென்ட் என்று வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த சில வாரங்களுக்குள், தம்பி வீட்டுப் படுக்கையறையில் மாட்டுவதற்கென்று நீல வானத்தில் வெள்ளைப் பூக்கிளைகளை வரைந்தார் வான்கோ. அந்தக் குழந்தைதான் பெரியவனாகி, 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். போர்வையாகவும் தட்டாகவும் குடையாகவும் இந்த ஓவியம் விற்கிறது. குழந்தை வீட்டுக்குப் பிரிண்டே போதும்.

தோட்டத்தில் பறவைகளோடு சண்டை போடுபவர் யாராவது இருந்தால் ஆங்கிலேய டிசைனர் வில்லியம் மோரிஸின் 'ஸ்ட்ராபெரித் திருடன்'. வீட்டுத் தோட்டத்தில் பழங்களைக் கொத்திக்கொண்டு போன பறவைகளைப் பார்த்துவிட்டு 1883இல் அவர் போட்ட துணி டிசைன் அது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகக் கடையில் ஏப்ரன் முதல் மூக்குக்கண்ணாடிப் பெட்டிவரை அதில் கிடைக்கும்.

நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டும், கையில் பணம் குறைவு என்றால் வாழ்த்து அட்டைப் பெட்டி. இதற்கும் அருங்காட்சியகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1843இல் ஹென்றி கோல் என்பவர், குவிந்து கிடந்த கடிதங்களுக்குப் பதில் எழுத முடியாமல், ஒரு ஓவியரிடம் சொல்லி வாழ்த்துப் படம் வரைய வைத்து அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். பிற்காலத்தில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டாக மாறிய அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநரும் அவரே.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது: வழிபாட்டுக்குரிய உருவங்களைப் போட்ட சாக்ஸ், மிதியடி. எந்த மதமாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் மனம் நோகும்.

ஸ்கார்ஃப், நகை போன்றவற்றை எப்படி நம்பி வாங்குவது?

சின்ன எழுத்தைப் படித்து. 'சாட்டின்' என்பது நெசவின் பெயர். நூல் பாலியஸ்டராக இருக்கலாம். பட்டு வேண்டுமென்றால் 'நூறு சதவீதம் பட்டு' என்று எழுதியிருக்க வேண்டும். அளவையும் விடாதீர்கள். கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றலாம் என்று நினைத்து நான் வாங்கிய ஒரு ஸ்கார்ஃப், 45 சென்டிமீட்டர் சதுரமாக, மூக்குத் துடைக்கிற அளவில் வந்து இறங்கியது. மாடல் கழுத்தில் அதைக் கட்டியிருந்த விதத்தில் எனக்குத் தெரியவில்லை. விவரத்தில் அளவு தெளிவாகத்தான் இருந்தது, படிக்காதது நான்.

நகையில் 'தங்க நிறம்' என்றால் தங்கமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தங்க முலாம்' என்றால் மெல்லிய பூச்சு. 'வெர்மெய்ல்' என்றால் அடியில் வெள்ளி. அமெரிக்க விதிப்படி மேலே குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் இருக்க வேண்டும். தினமும் அணிபவருக்கு வெர்மெய்லுக்குக் கீழே இறங்காதீர்கள். காது குத்தாதவருக்குத் தோடு வாங்கிக் கொடுத்த ஆட்களையும் எனக்குத் தெரியும்.

எப்போது ஆர்டர் செய்ய வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் நவம்பர் பாதிக்குள். பெரும்பாலான கடைகள் 'கடைசி ஆர்டர் தேதி' என்று நாடுவாரியாக ஒரு பட்டியல் போடும். அந்தத் தேதி வாக்குறுதி ஆகாது, அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அருங்காட்சியகக் கடைகளின் கிடங்கு சின்னது. கண்காட்சிக்கென்று செய்த பொருள் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான், மறுபடி வராமலே போகலாம். அச்சிட்டுத் தரும் பிரிண்டுகள் ஆர்டர் விழுந்தபிறகுதான் தயாராகும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி ஏதும் கிடைக்குமா?

2017இலிருந்து, நவம்பர் இறுதியில் வரும் அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த ஞாயிறை 'மியூசியம் ஸ்டோர் சண்டே' என்று பல நாட்டு அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கின்றன. அன்று சலுகைகள் இருக்கும். மற்ற நாட்களில் உறுப்பினர்களுக்கு வழக்கமாகப் பத்து சதவீதம் குறைப்பார்கள். உறுப்பினர் கட்டணம் வாங்கும் பொருட்களின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் கணக்கு கட்டுபடியாகும். நாட்காட்டி மட்டும் அவசரமில்லை என்றால் ஜனவரிவரை பொறுங்கள், பாதி விலைக்கு வரும்.

பார்சல் வந்தபிறகு வரி கேட்கிறார்களே?

கடையில் நீங்கள் கொடுத்தது பொருளின் விலையும் அனுப்பும் கூலியும். எல்லை தாண்டும்போது இறக்குமதி வரி தனி. அதோடு, அந்த வரியை வசூலித்துத் தருவதற்கென்று கூரியர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் போடும். சின்னப் பார்சலில் வரியைவிட அது அதிகமாக இருப்பதும் உண்டு. பணம் கட்டும் பக்கத்தில் 'வரிகள் உட்பட' என்று இருந்தால் பிறகு தொல்லையில்லை. 'பெறுபவர் செலுத்த வேண்டும்' என்றிருந்தால், பரிசை நேராக நண்பர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பரிசு வாங்க வாசலுக்கு வந்தவரிடம் கூரியர்காரர் பணம் கேட்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

'சின்னப் பார்சலுக்கு வரி கிடையாது' என்ற பழைய நினைப்பும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குக் கீழான பார்சல்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் கொடுத்துவந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தியது. கடையில் 'இது பரிசு' என்று டிக் செய்வது காகிதம் சுற்றித் தருவதற்காக மட்டுமே. பல நாடுகளில், தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பினால்தான் சுங்கத்தில் அது பரிசு. ஒரே பொருளின் நகல் உள்நாட்டு அருங்காட்சியகக் கடையிலும் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பதுதான் நல்லது. ஹொக்குசாயின் பேரலைப் பிரதிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருப்பதால் அதன் பிரிண்டும் பல கடைகளில் கிடைக்கும்.

போலிக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்திலிருந்து உள்ளே போகாதீர்கள். அருங்காட்சியகத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் 'கடை' இணைப்பை அழுத்துங்கள். அது கொண்டுபோய் விடும் முகவரிதான் அசல். எண்பது சதவீதத் தள்ளுபடி, 'கடையை மூடுகிறோம்' என்ற அறிவிப்பு, திருப்பியனுப்ப முகவரியே இல்லாத பக்கம் என்றெல்லாம் கண்ணில் பட்டால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

நாள் நெருங்கிவிட்டது, இனி எதுவும் வந்து சேராது. என்ன செய்வது?

உறுப்பினர் அட்டையைப் பரிசாகக் கொடுங்கள், பல இடங்களில் மின்னஞ்சலிலேயே வந்துவிடும். ஆனால் பெறுபவர் அந்த ஊரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. ஆர்டர் போட்ட பொருள் வழியில் இருக்கிறது என்றால், அசலின் படத்தை இறக்கி அச்சிட்டு, பின்பக்கம் அதன் கதையை உங்கள் கையெழுத்தில் எழுதி இப்போதைக்குக் கொடுத்துவிடுங்கள். பொருள் ஜனவரியில் வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

உடைந்து வந்தால்?

பெட்டியைத் திறக்கும்போதே போட்டோ எடுங்கள்: வெளிப்பெட்டி, உள்ளே அடைத்த விதம், உடைந்த துண்டு, மூன்றும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். சேதத்தைச் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்பது கடைக்குக் கடை மாறும், அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. பெரும்பாலும் வேறொன்று அனுப்புவார்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

வில்லியம் நீர்யானை மட்டும் கால் உடைந்து வந்தால், புகார் எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அசல் கிடைத்ததும் அப்படித்தான்.